மேல என்ன திறந்திருக்கு

கம்ப்யூட்டர் மேல போட்டிருந்த துணியை எடுத்து நாலா மடிச்சு ஸ்டூல்ல வச்சேன். சுவிட்சைப் போட்டாச்சு. அது எந்திரிச்சு வாரதுக்குள்ள ஒரு சோத்தை வடிச்சு இறக்கிரலாம், அவ்வளவு சோம்பேறி மிஷினு. இவுக உள்ள கட்டில்ல சாஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு உள்ள போயிட்டுன்னா இவுகளுக்கு உலகம் இருட்டினாலும் கவலை இல்ல. இன்னைக்கு ரெண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினாக. நானும்தான் ஊத்தினேன். நானும்தான் தின்னேன். "உப்பு சரியா இருக்கா"ன்னு வேற கேட்டேன். "எல்லாம் சரியா இருக்கு சுகிர்தம்"னு தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாக. எல்லாம் சரியா இருக்காம். காலையில கோயில்ல குருவானவர் முதல் ஓலை வாசிச்சாரு. கல்யாணம் நிச்சயமானவங்க பேரை மூணு ஞாயிறு சபை முன்னால வாசிக்கணும்லா, அந்த ஓலை. பியூலா பேரை வாசிச்சாரு. என் மருமக பேரை. "மறைந்த ஜோயலின் மனைவி"ன்னு எம்பிள்ளை பேரையும் சேத்து வாசிச்சிட்டு, தூத்துக்குடி மாப்பிள்ளை பேரையும் வாசிச்சிட்டு, இவங்க ரெண்டு பேரும் சேரதுக்குத் தடை ஏதாவது இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு சொல்லி, கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாரு. சும்மா முறைக்குப் பாக்கதுதான். ஃபேன் சத்தம் கேட்டுது. முன்வரிசையில யாரோ தொண்டையைச் செருமினாங்க. நான் கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கிட்டு இருந்தேன். அப்ப எனக்கு என்ன தோணிச்சுன்னு கேட்டா ஒண்ணும் தோணல. கறியில மஞ்சப்பொடி போட்டு வச்சிட்டு வந்தோமே, தட்டைப் போட்டு மூடினோமா, பூனை வந்திருமேன்னு தோணிச்சு. அதான் நெசம்.

திரையில மூணு பேரு வந்து நிக்கி. ஜோயல், அம்மா, பியூலா. இவுக பேரு கிடையாது, "எனக்கு எதுக்கு அந்தச் சனியன்"னு அன்னைக்கே சொல்லிட்டாக. ரேஷன் கார்டுல ஜோயல் பேரை எடுத்தாச்சு, ஓட்டு லிஸ்டுல எடுத்தாச்சு, இங்க மட்டும் யாரும் எடுக்கல, முதல் ஆளா நிக்கான். அந்தப் பேரை அமுக்கினா பாஸ்வேர்டு கேக்கும், அது எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தவன் அதைச் சொல்லல. நானும் கேக்கல. எதுக்குக் கேக்கணும், பிள்ளை மாடியில இருக்கான், ஒரு சத்தம் குடுத்தா இறங்கி வாரான். ஊர்ல உள்ள ஆபீஸுக்கெல்லாம் நெட்வொர்க் வயர் இழுத்துக் குடுக்குதுதான் அவனுக்கு வேலை. கல்யாணம் ஆகி மேல குடி வச்சதும் மாடிப்படி ஜன்னல் கட்டையில ஓட்டை போட்டு ஒரு நீல வயரை ஏத்தினான். "அம்மா, இனி கீழ வச்சதை மேல இருந்தே பாக்கலாம்"னான். "இறங்கி வந்து பாத்தா காலு தேஞ்சிருமால"ன்னு கேட்டேன். சிரிச்சான். நான் ஒண்ணும் கூறுகெட்டவ இல்ல, பள்ளிக்கூட ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவ, எந்த பீரோ சாவி யாருகிட்ட இருக்கணும், யாரு எதைத் தொடலாம், யாரு தொடப்பிடாதுன்னு என்கிட்ட கேட்டுத்தான் ஹெட்மாஸ்டரே நடப்பாரு. இந்த மிஷினு மட்டும் லேசுல அடங்காது. முன்னால எல்லாத்தையும் சவம்னுதான் வைவேன். சவம் கரண்டு போயிட்டு, சவம் பாலு திரிஞ்சிட்டு. இப்ப அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும், திரும்பிப் போயிரும். அதுக்குப் பதிலா வேற ஒரு வார்த்தையும் கிடைக்கல. அம்மாங்கற பேரை அமுக்கி உள்ள போனேன்.

அவன் ஃபோல்டர் நடுவுல இருக்கு. "பாட்டு"ன்னு பேரு. பேருதான் பாட்டு. அவன் கோயில் பாடகர் குழுவில அடிக்குரல் பாடுவான், பேஸ்னு சொல்லுவாங்க. மத்த ஆம்பிளைப் பிள்ளைங்க வீட்டுல வச்சுப் பழகணும்னு தன் குரலை மட்டும் தனியா பாடிப் பதிஞ்சு வைப்பான். அடிக்குரலைத் தனியா கேட்டா அதுல ராகமே இருக்காது. எந்தப் பாட்டுன்னே பிடிபடாது. கிணத்துக்குள்ள யாரோ நடக்க மாதிரி ம்ம், ம்ம்னு போகும், ஒரே இடத்துல நிக்கும், பொறவு ஒரு படி இறங்கும். நடுவுல இருமுவான். தப்பிட்டுன்னா "மறுபடி"ம்பான். நான் அந்த மறுபடிக்காகத்தான் கேக்கேன். பகல்ல இவுக வெளிய போன நேரத்துல கேப்பேன். கேட்டா அழுகை வரும்னு நெனப்பாங்க, வராது. எல்லாரும் அழுதிரு சுகிர்தம், அழுதிரு, நெஞ்சுல வைக்காதன்னு சொன்னாங்க. நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன். காய்ச்சல்னு படுத்தான், சாதாக் காய்ச்சல்னு மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன், பொறவு ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நடந்தேதான் ஆட்டோவில ஏறினான், ஏறிட்டு "அம்மா, செருப்பை எடு"ன்னான். என்கிட்ட கடைசியா சொன்னது அதான். செருப்பு. உள்ள கொண்டு போனவனை வெளிய நான் பேச்சோட பாக்கல. எத்தனையோ பேருக்கு கடைசியா ஒரு நல்ல வார்த்தை கிடைக்கி, ஜெபம் பண்ணும்மாங்கான், தம்பியைப் பாத்துக்கங்கான். எனக்குச் செருப்பு. எடுத்துத்தான் குடுத்தேன். சரி, அதை விடு. அதை நெனச்சா அங்கனயே சுத்திக்கிட்டு கிடப்பேன், செக்குல கட்டுன மாடு மாதிரி.

திரையில இடது ஓரத்துல "மேல"ன்னு ஒரு சின்னப் படம் இருக்கு, அவன் எனக்குன்னே செஞ்சு வச்சது. "ஆஃப் பண்ணுமுன்ன இதை அமுக்கிப் பாரும்மா. நான் மேல எதையாவது திறந்து வச்சிருந்தா அந்தப் பேரு வரும். அப்ப ஆஃப் பண்ணிராத, கெட்டுப் போயிரும்." சரின்னு தினமும் அமுக்கிப் பாப்பேன். பேரு இருந்தா, "ஏல, முடிச்சிட்டியா, நான் அமத்தணும்"னு படிக்கட்டுல நின்னு கத்துவேன். அவன் போன பொறவு கொஞ்ச காலம் துணியையே எடுக்கல. பொறவு ஒரு நாள் சாயங்காலம் இவுக ஏதோ கரண்டு பில் பாக்கணும்னாக, பாத்து முடிச்சிட்டு பழக்க தோசத்துல மேலயை அமுக்கினேன். ஒரு பேரு வந்து நின்னுது. பாட்டுல ஒண்ணு. ஜோயல் மேல இருக்கான்னுதான் நெனச்சேன். பொறவுதான் கூறு வந்துது, அது பியூலா. அவ மேல உக்காந்து அந்த அடிக்குரலைக் கேட்டுக்கிட்டு இருக்கா. நான் அமத்தல. நாற்காலியை இழுத்துப் போட்டு கொத்தவரங்காய் அரிஞ்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அமுக்கினா அதே பேரு. பொறவு வேற பேரு. பொறவு ஒண்ணும் இல்ல. அப்பதான் அமத்தினேன். அதுக்கு மேல தினமும் அப்பிடித்தான் போச்சு. அவ கேக்க நேரம் வரைக்கும் நான் கீழ மிஷினை ஓட விட்டுட்டு ஏதாவது அரிஞ்சுக்கிட்டு இருப்பேன். அவளும் என்கிட்ட சொன்னதில்ல, நானும் அவகிட்ட கேட்டதில்ல. காலையில ஸ்கூலுக்குப் போக இறங்கி வருவா, கணக்கு டீச்சர், கையில பேப்பர் கட்டு இருக்கும். "தோசை வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ"ம்பேன். "சரி அத்தை"ம்பா. அவ்வளவுதான் எங்க பேச்சு. அவளுக்கு அம்மா இல்ல, அப்பா அண்ணன் வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்காரு, இங்கனயே இருந்துட்டா. இருந்துட்டாங்கறதுதான் சரி, இருன்னு நான் சொல்லல. போன்னும் சொல்லல.

கல்யாணப் பேச்சை இவுகதான் எடுத்தாக. "சின்னப் பிள்ளை, எத்தனை வருஷம் நம்ம மாடியில கிடப்பா. நாமளே முன்ன நின்னு செஞ்சாத்தான் மரியாதை"ன்னாக. சரின்னேன். தூத்துக்குடியில ஒரு பையன், பெஞ்சாதி போயி ரெண்டு வருஷம், தங்கமான பையன்னாக. சரின்னேன். நிச்சயத்துக்கு என்ன கலர் சேலை எடுக்கன்னு பியூலா வந்து நின்னா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. "உனக்குப் பச்சை எடுப்பா இருக்கும்"னேன். ஊர்ல எல்லாரும் என்னைப் பத்திப் பெருமையா பேசுதாங்க, சுகிர்தம் மாதிரி மாமியார் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்னு. கல்லுக்குப் பெருமை என்ன, சிறுமை என்ன. கொஞ்ச நாளா மேலயை அமுக்கினா ஒண்ணும் வாரதில்ல. காலியா ஒரு வெள்ளைப் பெட்டி. சரி, நிறுத்திட்டா, நிறுத்தத்தான வேணும்னு நெனச்சிக்கிட்டேன். ஆனாலும் உடனே அமத்த மாட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் அமத்துவேன்.

இன்னைக்கும் சும்மாதான் அமுக்கினேன். பேரு வந்துது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டேன். பாத்துக்கிட்டே இருக்கேன், அந்தப் பேரு போயி வேற பேரு வருது. அதுவும் போயி இன்னொண்ணு. ஒரு பாட்டைக் கேட்டா அந்தப் பேரு அங்கனயே நிக்கும், எனக்குத் தெரியும்லா. இது கண்ணை மூடித் திறக்குமுன்ன மாறுது. இது கேக்குதது இல்ல. இது காப்பி எடுக்குதது. பேரெல்லாம் நான் பாத்த பேரே இல்ல, ஆடியோன்னு ஆரம்பிச்சு நீள நீளமா நம்பரு. எந்த மூலையில கிடந்ததைத் தோண்டி எடுக்கா இவ? எனக்கே தெரியாம அந்த ஃபோல்டருக்குள்ள இத்தனை இருந்துதா? காலையில ஓலை, மத்தியானம் மூட்டை கட்டுதா. எடுத்துட்டுப் போயி தூத்துக்குடியில அந்த வீட்டுல வச்சு என்ன செய்வா? அவன் ஒரு நாள் என்னது இதும்பான். இவ சொல்லுவா. அவன் நல்ல பையன், கேப்பான், கேட்டுட்டு "நல்லா பாடியிருக்காரு"ம்பான். எம்பிள்ளை இருமுததை எவனோ ஒருத்தன் சோபாவில காலை நீட்டிக்கிட்டு கேக்கணுமா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல நட்டம்னு சொல்லுதாங்க. எப்பிடி ஒண்ணுபோல? அவளுக்கு இன்னொரு புருசன் வாரான். எனக்கு இன்னொரு பிள்ளை வருமா, இந்த வயசுல? அவ வாழட்டும். நல்லா வாழட்டும், பச்சைச் சேலை கட்டட்டும், நானே பின்னு குத்தி விடுதேன். இதை மட்டும் கொண்டு போகப்பிடாது. இது இந்த வீட்டுப் பொருள்.

படிக்கட்டுல நின்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல. அந்த ஃபோல்டர் மேல வச்சு வலது பக்கத்தை அமுக்கினேன், ப்ராப்பர்டீஸ், அதுல செக்யூரிட்டி. இதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதான், யாரு படிக்கலாம், யாரு எழுதலாம்னு பெர்மிஷன் போடுத இடம். பியூலா பேரைத் தேடினேன். இல்ல. என் பேரையும் காணும். கட்டத்துல "எவ்ரிஒன்"னு மட்டும் இருக்கு, அதுக்கு எதுத்தாப்புல எல்லாத்துக்கும் அலவ்னு டிக். எல்லாருக்கும் தொறந்து போட்டிருக்கான் படுபாவி, சத்திரம் மாதிரி. ஆளைப் பிரிச்சு வைக்கத் தெரியாதவன், சின்ன வயசுலயும் அப்பிடித்தான், மிட்டாயை வாங்கித் தெருவுல நிக்கவனுக்கெல்லாம் குடுத்துட்டு வருவான். பக்கத்துல டினைன்னு ஒரு வரிசை, தடை போடுத இடம், காலியா கிடக்கு. எவ்ரிஒன்னுக்கு அங்க டிக் போட்டா நானும் அதுல வருவனோன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். யோசிக்காம செய்யல. நான் எப்பிடி வருவேன்? கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்காங்க, அந்தக் கணக்குல வீட்டுக்காரி உண்டா? எல்லாரும்னா வந்தவங்க. வீட்டுக்காரி அடுப்படியில நிப்பா, எல்லாரும் எந்திரிச்ச பொறவு சட்டியில ஒட்டினதைத் திம்பா, அவளைப் போயி எவனும் எல்லாரோடயும் சேத்து எண்ண மாட்டான். ஆபீஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சான்னு நான் கேட்டா அதுல நான் கிடையாது, ரெஜிஸ்டரே என் கையிலதான் இருக்கு. மிஷினு என் வீட்டு மிஷினு, கரண்டு என் வீட்டு கரண்டு. டினை வரிசையில மேல இருந்து கீழ டிக் போட்டேன். ஒரு மஞ்சள் முக்கோணத்தோட எச்சரிக்கை வந்துது, தடைன்னு போட்டா அதுதான் செல்லும், அனுமதி செல்லாது, செய்யவான்னு. செய்யின்னேன்.

மேலயை அமுக்கிப் பாத்தேன். கடைசியா இருந்த ஒரு பேரு கொஞ்சம் நின்னுது. பொறவு அதுவும் போயிட்டு. வெள்ளைப் பெட்டி. மாடியில நாற்காலி தரையில உரசுத சத்தம் கேட்டுது, பொறவு ஒண்ணும் கேக்கல. ஆச்சு. ஒரு கதவைச் சாத்தினா ஒரு இது இருக்கணும்லா, ஒரு நிம்மதியோ, இல்ல சீ இப்பிடிச் செஞ்சிட்டமேன்னு ஒரு இதோ. ஒண்ணும் இல்ல. தெருவுல ஐஸ்காரன் மணி அடிச்சுக்கிட்டுப் போனான். இவுக உள்ள புரண்டு படுத்தாக, கட்டில் முனகிச்சு. எல்லாம் பத்திரமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு துணியைப் போடுவோம்னு பாட்டு மேல ரெண்டு தட்டு தட்டினேன். திறக்கல. இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லைன்னு இங்கிலீஷ்ல எழுதி வந்துது. உங்களுக்குன்னா யாருக்கு? எனக்கா? மறுபடி தட்டினேன். அதே. சரி, போட்ட டிக்கை எடுத்திருவோம்னு செக்யூரிட்டிக்குப் போனா, அதைப் பாக்கவும் உனக்கு உரிமை இல்லைங்குது. பாக்கவே உரிமை இல்லையாம். அப்ப வேற ஒரு பெட்டி எந்திரிச்சு வந்துது, ஜோயல்னு பேரு போட்டு, கீழ பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள கோடு மினுக்கு மினுக்குன்னு நிக்கி. அவன் பிறந்த தேதியை அடிச்சேன். தப்பு. எம்பேரை அடிச்சேன், பைத்தியக்காரி மாதிரி. தப்பு. யானை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்ட கதையா ஆயிட்டே. எனக்கு அப்ப பயம் வந்துது. ஆஸ்பத்திரி வாசல்ல கூட வராத பயம். அந்த மறுபடி இனி கிடையாது. கையில செருப்பு மட்டும்தான் மிச்சம்.

"அத்தை, கம்ப்யூட்டரை அமத்திட்டிங்களா?" பியூலா படியில இறங்கி வாரா. நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, தலை பாதி காஞ்சும் காயாமயும். "இல்லியே, ஓடுது"ன்னேன். "பொறவு ஏன் ஏற மாட்டேங்கு?"ன்னா. "என்னத்த ஏத்துத?" அவ துண்டு முனையை முறுக்கினா. "அவங்க எனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் அத்தை. போன்ல கிடந்துது, லேப்டாப்ல கிடந்துது. எல்லாத்தையும் உங்க ஃபோல்டர்ல போட்டுட்டு என்கிட்ட உள்ளதை அழிச்சிக்கிட்டே வந்தேன். பாதி ஏறிட்டு. மீதி நிக்கி." நான் அவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். எடுக்கல. போட்டிருக்கா. அந்த நீள நம்பரெல்லாம் இங்க இருந்து போகல, இங்க வந்துருக்கு. "தூத்துக்குடிக்குக் கொண்டு போகப்பிடாதுல்லா"ன்னா. "அவரு ஒண்ணும் சொல்லல, நானாத்தான். நீங்க கேளுங்க. நீங்க பகல்ல அந்தப் பாட்டை வச்சுக் கேக்கது ஸ்கூல் லீவு நாள்ல எனக்கு மேல கேக்கும். இதெல்லாம் பாட்டு இல்ல அத்தை, வெறும் பேச்சு. தக்காளி வாங்கவா, பஸ்ஸு கிடைச்சிட்டு, அம்மா தூங்கிட்டாளா பாரு, கதவைத் தட்டாம வாரேன்னு. அதான் இருக்கும்." அம்மா தூங்கிட்டாளா பாரு. நான் நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லாம இருந்திரலாம், மிஷினு மேல பழியைப் போட்டா அது என்ன திருப்பியா பேசும். "நான்தான் பூட்டினேன்"னேன். "நீ எடுத்துட்டுப் போறேன்னு நெனச்சுப் பூட்டினேன். இப்ப எனக்கும் திறக்க மாட்டேங்கு." அவ என்னைப் பாத்தா. கோவப்படுவான்னு நெனச்சேன், கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு திரையைப் பாத்தா, பொறவு "எந்திரிங்க அத்தை"ன்னா.

உக்காந்தா. ஜோயல் பேருல உள்ள போனா. கீபோர்டைப் பாக்கவே இல்ல, விரல் தானா போச்சு. என்கிட்ட சொல்லாததை இவகிட்ட சொல்லியிருக்கான்னு ஒரு சுருக்கு இருந்துது, இல்லைங்கல. டினையில நான் போட்ட டிக்கையெல்லாம் எடுத்தா. எவ்ரிஒன்னையே மொத்தமா எடுத்தா. "இது வேண்டாம் அத்தை. மாடியை வாடகைக்கு விட்டிங்கன்னா அவங்களுக்கும் தெரியும். உங்க பேரை மட்டும் போடுதேன்." அம்மான்னு அடிச்சு டிக்கைப் போட்டா. மாடியை வாடகைக்கு விடுதது வரைக்கும் யோசிச்சு வச்சிருக்கா. மாடி காலியாயிரும்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. இத்தனை நாளும் தெரியாமயா இருந்துது? தெரியும். உறைக்கல. "உன் பேரு?"ன்னேன். "எனக்கு எதுக்கு அத்தை"ன்னு திரும்பாம சொன்னா. "போடு." "போட்டாலும் அங்க இருந்து தெரியாது. இந்த வீட்டுக்குள்ளதான் இது தெரியும். கேக்கணும்னா இங்கன வரணும்." "அப்ப வா." என்னை அறியாம சத்தம் கூடிட்டு. உள்ள இருந்து இவுக "யாருட்டி அங்க"ன்னாக. "வராம இருந்திரலாம்னு பாத்தியா? தூத்துக்குடி என்ன லண்டன்லயா கிடக்கு, பஸ் ஏறினா வந்துரு. அவரையும் கூட்டிட்டு வா. கறி வைக்கேன். நீ மேல போயி கேளு, நான் கீழ இருக்கேன், அமத்த மாட்டேன்." அவ தோளு ஏறி இறங்குச்சு. நான் அவ தலையைத் தொட்டேன், இன்னும் ஈரமாத்தான் இருந்துது. "போடுட்டி உன் பேரை"ன்னேன். துண்டால மூக்கைத் துடைச்சிட்டு ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. பக்கத்துல படிக்க, எழுத, மாத்தன்னு டிக் போட மூணு நாலு கட்டம் இருந்துது, படிக்கதுல மட்டும் போட்டுட்டு நிறுத்தினா. "எல்லாத்துலயும் போடு"ன்னேன். போட்டா.